குச்சிப்பூச்சியும் ஒரு மலையாளச் சொல்லும்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் தொடங்கியது இது. இடம் திருவனந்தபுரத்தில் கரமனை. தென்காசிப் பக்கமிருந்து நாங்கள் இந்த ஊருக்கு வந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் துணி தேய்க்கிறவன். இங்கே தேப்புக்கடை என்று சொல்வார்கள். முன்பக்கம் கடை, தட்டிக்குப் பின்னால் வீடு. நான், என் வீட்டுக்காரி, அப்போது ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்த மகள், மூன்றே பேர்.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. இதை உங்களைப் போன்ற பிள்ளைகள் படிக்க எழுதச் சொன்னதே என் மகள்தான். “நீங்க செஞ்ச தப்ப நீங்கதான்ப்பா எழுதணும். நான் எழுதினா கோள் சொன்ன மாதிரி ஆயிரும்” என்று சொல்லிவிட்டாள். அதனால் பிள்ளைகளே, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து அடுக்குமாடியில் தனியாகக் குடியிருந்த ஒரு பையன் எனக்கு வாடிக்கை. மலையாளி, ஆனால் என்னோடு பாதித் தமிழில் பேசுவான். துபாயில் வேலை கிடைத்துவிட்டது, வீட்டைக் காலி செய்கிறேன் என்று ஒருநாள் கூப்பிட்டான். கடைசி மூட்டைத் துணியைக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறான் என்று போனேன்.

“அண்ணாச்சி, என் கையில ஒரு ப்ராணி உண்டு. மோளுக்குக் கொண்டு போய்க் கொடு. நல்லா பார்த்துக்கணும், கேட்டோ” என்றான்.

எனக்குப் பயமாகிவிட்டது. இருக்கிற ஒரு அறையில் நாயையோ பூனையையோ எங்கே கட்டுவது? வேண்டாம் தம்பி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். உள்ளே கொய்யாக் கிளையும் கொஞ்சம் காய்ந்த இலையும்தான் தெரிந்தன. எங்கே பிராணி என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே விரலால் தட்டினான். காய்ந்த இலைகளில் நாலு இலை எழுந்து நடந்தது.

மலையாளத்தில் ப்ராணி என்றால் பூச்சி. எனக்கு அது தெரியாது. அன்றைக்கே நான் கொஞ்சம் உஷாராகியிருக்கலாம். நமக்குத் தெரிந்த சொல் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் பொருள் வேறாக இருக்கும் என்று. ஆகவில்லை.

பூச்சி ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம் இருந்தது. உடம்பெல்லாம் முள். வாலைத் தேள் மாதிரி மேலே சுருட்டி வைத்திருந்தது. கடிக்காது, கொட்டாது, கொய்யா இலை மட்டும் தின்னும், தினம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும் என்றான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குச்சிப்பூச்சி என்றும், இணையத்தில் யாரிடமோ வாங்கியது என்றும் சொன்னான். இதையெல்லாம் வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டதற்கு, “லைசென்ஸ் ஒண்ணும் வேண்டா அண்ணாச்சி, வெறும் பூச்சியல்லே” என்று சொல்லிவிட்டான்.

வெறும் பூச்சிதானே என்று எனக்கும் பட்டது. கரப்பான் பூச்சிக்கும் கொசுவுக்கும் யார் அனுமதி கேட்கிறார்கள்?

என் மகளுக்கு அந்த நேரத்தில் இந்த ஊரில் சிநேகிதி யாரும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் மலையாளத்தை வேகமாகப் பிடித்துக்கொண்டாள், ஆனால் சேர்ந்து விளையாட ஆள் சேரவில்லை. பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். நாலும் பெட்டைதான் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான். அன்றைக்குச் சாயங்காலமே பெயர் வைத்துவிட்டாள். பெரியம்மா, சித்தி, அத்தை, மதினி. ஊரில் விட்டுவந்த சொந்தக்காரர்களை எல்லாம் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

“மதினி இன்னைக்குச் சாப்பிடவே இல்லம்மா” என்பாள். உண்மையான மதினியோ என்று என் வீட்டுக்காரி பதறிப்போய்க் கேட்பாள். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இலைக்கு வழி, இரண்டு தெரு தள்ளி அக்ரகாரத்தில் இருந்த ஒரு மாமி வீடு. மாமியும் என் வாடிக்கைதான். அவர்கள் கொல்லையில் ஒரு கொய்யா மரம் உண்டு. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வருவாள்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. பெட்டிக்குள்ளிருந்து அவ்வப்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். என்னவென்று கேட்டேன். முட்டை போடுகிறது என்றாள். வாலால் சுண்டி எறியுமாம், அது கண்ணாடியில் பட்டு விழுகிற சத்தமாம். முட்டை பார்க்க ஏதோ விதை மாதிரி இருந்தது. பெட்டியின் அடியில் எச்சத்தோடும் சருகோடும் அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் என் நிம்மதி போனது. கடைக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவர் துணி வாங்க வந்தார். என் மகள் தண்ணீர் தெளிப்பதற்காகப் பெட்டியை வாசல் பக்கம் கொண்டுவந்திருந்தாள். குனிந்து பார்த்தவர் கேட்டார்:

“எந்தா அண்ணாச்சி இது? விதேசத்துச் சாதனமல்லே?”

ஆமாம், ஆஸ்திரேலியா என்று பெருமையாகச் சொன்னேன்.

“பேப்பர் உண்டோ?”

“என்ன பேப்பர்?”

“சரியாப் போச்சு. கேஸாகும் அண்ணாச்சி. ஃபாரஸ்ட்காரன் வந்து கொண்டு போவான். பூச்சியை அல்ல, உங்களை.” சொல்லிவிட்டுச் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். எண் வேலை செய்யவில்லை. அதற்குள் விமானம் ஏறியிருப்பான்.

அடுத்த நாலு நாள் எனக்கு எதிலும் நிலை கொள்ளவில்லை. வந்த ஊரில் வேரே பிடிக்கவில்லை, அதற்குள் கேஸா? கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டால் எங்கே போவது? காக்கிச் சட்டை தெருவில் போனாலே தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எங்கள் தெருவில் ஒரு போலீஸ்காரர் குடியிருந்தார். அவருடைய சீருடை வாராவாரம் என்னிடம்தான் வரும். தட்டிக்குப் பின்னால் பெட்டி ‘டிக், டிக்’ என்கிறது. முன்னால் நான் காக்கிக்கு மடிப்பு வைக்கிறேன். ஒரே சட்டைக் கையில் இரண்டு மடிப்பு விழுந்துவிட்டது. “ஸ்டைலாயிட்டுண்டல்லோ” என்று அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

சனிக்கிழமை காலை. மகளும் அவள் அம்மாவும் குடை வாங்கக் கிழக்கேகோட்டைக்குப் போயிருந்தார்கள். தேநீர்க் கடைக்காரரிடம் வன அலுவலக எண்ணை விசாரித்து வாங்கினேன். கேட்டுவிடுவோம், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கடை வாசலில் நின்றே போன் போட்டேன். பெயரைச் சொல்லவில்லை. அந்தத் தைரியம் இல்லை. ஒரு பெண் அதிகாரி எடுத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்திரேலியாப் பூச்சி, நாலு, காகிதம் இல்லை, நான் என்ன செய்ய வேண்டும்?

அவர் நிதானமாக ஏதோ விளக்கிக்கொண்டே போனார். பாதி புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கடைசியாக அவர் அழுத்திச் சொன்னது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது:

“கொல்லருது. ஒரு காரணவசாலும் துறந்து விடருது, கேட்டோ.”

துறந்து என்பது திறந்துதான், அது எனக்குத் தெரியும். மற்றது நம்ம பேச்சு மாதிரியே இருந்தது. ஒன்று கொல்றது, இல்லையென்றால் திறந்து விடறது. இரண்டே வழி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டது நான் பொத்தானை அழுத்தும்போது காதில் விழுந்தது.

பிள்ளைகளே, அப்போது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. கொல்ல எனக்கு மனசு வராது. விட்டுவிடலாம் என்று கவர்ன்மெண்டே சொல்லிவிட்டது. கடையைப் பாதி சாத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மாமி வீட்டுக் கொல்லைக்குப் போனேன். சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருக்கக்கூடாது என்றுதான் அந்தக் கொய்யா மரம். கொல்லைப் படல் திறந்துதான் இருந்தது. மாமியைக் கூப்பிடவில்லை. நாலு பூச்சியையும் ஒவ்வொன்றாகக் கிளையில் ஏற்றிவிட்டேன். போய்ச் சுகமா இருங்க என்று சொன்னதாகக்கூட ஞாபகம். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இருந்த குப்பையை மரத்து மூட்டில் தட்டினேன். கொல்லைக் குழாயில் பெட்டியைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மகள் புதுக் குடையோடு வந்தாள். பெட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

“எங்கப்பா?”

நல்ல காரியம் செய்த மாதிரி சொன்னேன். கேஸ் ஆகிவிடும், ஆபீசிலேயே கேட்டுவிட்டேன், திறந்து விடச் சொன்னார்கள், விட்டுவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்து ஆறுதலும் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

“அவங்க என்ன வார்த்தை சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். கொல்லருது, துறந்து விடருது.

அவள் மெதுவாகக் கேட்டாள்: “யப்பா, பஸ்ல ஜன்னல் பக்கத்துல எழுதியிருக்குமே, கண்டக்டர்கூட சத்தம் போடுவாரே, கையும் தலையும் புறத்திடருதுன்னு?”

“ஆமா.”

“அப்படின்னா எல்லாரும் தலைய வெளிய நீட்டிக்கிட்டா போறாங்க?”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவளே சொன்னாள்: “அருதுன்னா கூடாதுன்னு அர்த்தம்ப்பா. கொல்லக் கூடாது. திறந்து விடவே கூடாது.”

உட்காரக்கூடத் தோன்றவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவள் குடையைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

பகலில் அந்தப் பூச்சி அசையாது. காய்ந்த இலைக்கு நடுவே காய்ந்த இலையாகத் தொங்கும். காற்று அடித்தால் இலை ஆடுகிற மாதிரியே ஆடும். அந்த மரத்திலோ காய்ந்த இலைக்குப் பஞ்சமில்லை. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு கிளையை மூன்று தடவை பார்த்துவிட்டு நான் நகர்ந்தேன். அவள் அதே கிளையிலிருந்து சித்தியை எடுத்தாள்.

சத்தம் கேட்டு மாமி கொல்லைக்கு வந்தார்கள்.

“என்னது இது, அப்பாவும் பொண்ணும் மரத்தையே முறைச்சுண்டு நிக்கறேள்?”

“அத்தையத் தேடுறோம் மாமி” என்றாள் என் மகள்.

“மரத்து மேலயா? யாரோட அத்தை?”

விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மாமிக்குக் கோபம் வந்தது. பூச்சிக்காக வந்த கோபமில்லை. “ஒரு வார்த்தை கேட்டுண்டு விட்டிருக்கப்படாதோ? எங்காத்து மரம்னா?” என்றார்கள். நியாயமான பேச்சு. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மாமியே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து தாழ்ந்த கிளைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரியம்மாவைக் கண்டுபிடித்தது மாமிதான். மதினி கிணற்றுச் சுவர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்ததை நான் பிடித்தேன்.

அத்தையைக் காணவில்லை.

நாலு மணிக்கு அங்கே நின்றே அந்த அலுவலகத்துக்குத் திரும்பப் போன் போட்டோம். இந்தத் தடவை பேசியது என் மகள். பெயர், ஊர், கடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதே அதிகாரிதான். காலையிலிருந்து உங்கள் போனுக்குத்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறேன், லைனே போகவில்லை என்றாராம். திரும்பக் கூப்பிட்டு ஊர் கேட்பார்களோ என்ற பயத்தில் காலையிலேயே போனை அணைத்துக் கடையில் வைத்திருந்தேன், இப்போது பேசியது மாமி வீட்டுப் போனில். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வருகிறேன், அதற்குள் நாலாவது பூச்சியையும் தேடிப் பிடித்துவிடுங்கள் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை என் மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

இந்தப் பூச்சிக்கு ஆண் துணையே வேண்டாமாம். ஒரே ஒரு பெட்டை போதும், தானாகவே முட்டை போட்டுக்கொண்டே இருக்குமாம். அதைத் தின்று கட்டுப்படுத்துகிறவை எல்லாம் அதன் சொந்த ஊரில்தான் இருக்கும். இங்கே என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஊரிலுள்ள கொய்யா மரமெல்லாம் மொட்டையாகவும் ஆகலாம். தெரியாது என்பதால்தான் சட்டம் என்றாராம்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாத மழை உங்களுக்குத் தெரியும். மாமி கொடியில் காய்ந்த துணிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நாங்கள் மூன்று பூச்சியோடு வீட்டுக்கு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் தேடினோம். மரம், வேலி, கிணற்று மூடி, பக்கத்து வீட்டு வாழைக் கூட்டம், ஓட்டுச் சந்து, ஒன்றையும் விடவில்லை. என் வீட்டுக்காரியும் வந்தாள். துணி தூக்குகிற கம்பை வைத்து நான் வேலியைத் தட்ட, “அடிக்காதீங்கப்பா, அது பயந்துரும்” என்றாள் மகள். பயந்தால் ஒரு வாசனை விடுமாம், கடலைமிட்டாய் மாதிரி. அந்தப் பையன் கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிக் கொடுத்தது. அதற்குப் பிறகு நான் மோந்து பார்த்துக்கொண்டும் திரிந்தேன். மழையில் நனைந்த மண் வாசனைதான் வந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாப்பிடும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா. எனக்கு மலையாளம் தெரியும்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் பெருமையா சொல்வீங்க?”

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மாமி மூட்டை கொடுத்தனுப்பினார்கள். எங்கேயோ விசேஷத்துக்குப் போகவேண்டும், ஒன்பது கஜம் புடவை ஒன்று அவசரம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். என் மகள் பள்ளிக்கூடப் பையோடு கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி வந்து போகும்வரை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம். நான் தேய்ப்புப் பெட்டியைச் சூடாக்கிவிட்டு அந்தப் புடவையை மேசையில் போட்டேன். பழுப்பு நிறப் பருத்திப் புடவை. அவசரமாகச் சுருட்டியதால் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. ஒரு பக்கத்தை மட்டும் உதறி விரித்துத் தண்ணீர் தெளித்தேன். மனசு பத்து மணியிலேயே இருந்தது. கை பாட்டுக்குப் பெட்டியை எடுத்து முதல் இழுப்பு இழுத்தது. இரண்டாவது இழுப்புக்குக் கையைக் கொண்டுபோகிறேன்.

கடலைமிட்டாய் வாசனை.

பருத்தியில் சூடு பட்டால் என்ன வாசனை வரும் என்று இருபது வருஷமாக எனக்குத் தெரியும். கஞ்சி கருகினால் ஒரு வாசனை, சோப்பு போகாமல் இருந்தால் ஒரு வாசனை. இது எதுவுமில்லை. பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

“என்னப்பா?” என்றாள். கண்ணால் காட்டினேன்.

அவள் எழுந்து வந்து, விரிக்காமல் கிடந்த பக்கத்தை ஒவ்வொரு மடிப்பாக விலக்கினாள். தேய்ப்புப் பெட்டி நின்ற இடத்திலிருந்து நாலு விரல் தூரத்தில், மடிப்புக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு அத்தை. மரத்திலிருந்து கொடிக்கு ஏறி, கொடியிலிருந்து புடவையில் ஒட்டி, சனிக்கிழமை மழையில் மாமி கையாலேயே வீட்டுக்குள் போயிருக்கிறது. ஞாயிறு முழுக்க நாங்கள் கொல்லையில் தேட, அது அலமாரிக்குப் பக்கத்தில் துணிமூட்டையில் தூங்கியிருக்கிறது.

“அத்தை” என்றாள். அப்போதுதான் அழுதாள். சனிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை எல்லாம் அந்த மேசை மேல் விழுந்தது. நானும் அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை. எதிர்க் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று வந்தார். மேசையில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் போய் மூன்று தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

பத்து மணிக்குச் சரியாக அதிகாரி வந்தார். காக்கி போடவில்லை, சாதாரணச் சுடிதார்தான். கேஸ் என்று நான் நடுங்கியதற்கு, முதலில் உட்காருங்கள் என்றார். என் மகள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். நம் காட்டு விலங்குகளையும், சட்டத்தில் சொல்லியிருக்கிற வண்ணத்துப்பூச்சி, வண்டுகளையும் பிடித்து வைக்கக்கூடாது. வெளிநாட்டு உயிர் என்றால், பூச்சியானாலும், அரசு அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. சில வகையை வைத்திருந்தால் பதிவும் செய்ய வேண்டும். எந்தப் பூச்சிக்கு எது என்பது எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். யார் கொடுத்தது என்று எழுதி வாங்கிக்கொண்டார். நீங்களாகவே சொன்னீர்கள், தெரியாமல் செய்தீர்கள், அதனால் இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடுகிறேன் என்றார். விடுகிறேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று மகளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதிகாரி சிரித்துவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவர் கேட்டார்: “பெட்டியின் அடியில் இருந்தது எங்கே?”

நான் மாமி வீட்டுக் கொய்யா மூட்டில் தட்டியது. ஒரு உள்ளங்கை நிறைய முட்டை.

அன்றைக்கு அந்த மரத்தடி மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டிச் சாக்கில் கட்டினோம். ஆனால் அதற்குள் இரண்டு நாள் மழை பெய்திருந்தது. அது மட்டுமில்லை, அந்த முட்டையை விதை என்று நினைத்து எறும்புகள் தூக்கிக்கொண்டுபோய்ப் புற்றில் வைத்துக்கொள்ளுமாம். மாதக்கணக்கில் அப்படியே கிடந்து பிறகுதான் பொரிக்குமாம். பொரித்து வரும் குஞ்சும் பார்க்க எறும்பு மாதிரியே இருக்குமாம். கறுத்த உடம்பு, செம்மஞ்சள் தலை, வால் மட்டும் சுருண்டிருக்கும். தினமும் பாருங்கள், கண்டால் பிடித்துவைத்து எனக்குச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, நாலு பேரையும் பெட்டியோடு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோனார். என் மகள் வாசல்வரை போய், எந்த இலை பிடிக்கும், எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் துணி எடுக்கப் போகும்போது கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எறும்பு பார்ப்பது என் வேலையாயிற்று. “எறும்பெல்லாம் சௌக்கியமா?” என்று மாமி ஜன்னலிலிருந்து கேட்பார்கள். ஒரு மாதம் ஆயிற்று, நாலு மாதம் ஆயிற்று. வரிசையில் போகிற ஒவ்வொன்றின் வாலையும் பார்த்துக் கண் பூத்துப்போகும். ஒன்றும் வராது என்று எதிர்க் கடைக்காரர் சொல்வார். ராத்திரி படுத்தால் கண்ணை மூடினாலும் எறும்பு ஊரும்.

மாசி மாதம், ஆற்றுகால் அம்மன் கோவில் பொங்கலுக்குத் தெருவெல்லாம் அடுப்புக் கல் அடுக்கிக்கொண்டிருந்த வாரம், கொய்யாத் தண்டில் ஒரு எறும்பு வரிசையை விட்டு விலகித் தனியாக ஓடியது. அதன் வால் சுருண்டிருந்தது. நான் தொடவில்லை. மகளைக் கூப்பிட்டேன். அவள் ஒரு கண்ணாடிக் குப்பியில் அதைப் பிடித்தாள். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அதே அதிகாரி வந்து வாங்கிப்போனார். அத்தை எப்படி இருக்கிறாள் என்று என் மகள் கேட்டாள். வயதாகிச் செத்துப்போய்விட்டது, குறைந்த ஆயுள்தான் என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் எதுவும் வரவில்லை. மரம் நன்றாகக் காய்க்கிறது. மாமி பழம் கொடுக்கும்போதெல்லாம் என் மகள் இலையைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பாள். நான் மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பஸ்ஸில் முதல் முதலில் நானாகப் படித்த வரி, கையும் தலையும் புறத்திடருது என்பதுதான்.

இன்றைக்கும் அந்த மரத்தடியில் போய் எறும்புகளைப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறேன். அன்றைக்குப் பூச்சிக்கு விடுதலை கொடுத்ததாக நினைத்தேனே, உண்மையில் என் பயத்திலிருந்து நான் விடுவித்தது என்னைத்தான் என்பதை அந்த வரிசை தினமும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டு போகிறது.